பிரயாணத் தூரம்: ஆகாயக் கணக்கா, பாதைக் கணக்கா?

அல்லாஹு தஆலா தன் அடியார்களின் பலவீனத்தை நன்கறிந்தவன். ஆகவேதான் நோயாளிக்கு ஒரு சலுகையும், முதியோருக்கு ஒரு சலுகையும், பிரயாணிக்கு ஒரு சலுகையுமாக மார்க்கத்தை இலேசாக்கித் தந்திருக்கிறான். நான்கு ரக்அத் தொழுகைகளான லுஹர், அஸர், இஷா ஆகிய மூன்றையும் பிரயாணி இரண்டிரண்டாகச் சுருக்கித் தொழுவதற்குக் ‘கஸ்ரு’ என்று பெயர். சுபுஹுக்கும் மஃரிபுக்கும் கஸ்ரு கிடையாது.

திருக்குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனம் இச்சலுகையைக் கூறும்போது, எதிரிகளின் தொல்லையை அஞ்சும் நிலையையும் சேர்த்துக் கூறுகிறது. அப்படியானால், அச்சம் நீங்கி மக்கள் நிம்மதியாகப் பிரயாணம் செய்யும் காலத்திலும் சுருக்கலாமா என்ற ஐயம் ஸஹாபாக்களுக்கே எழுந்தது. யஃலா இப்னு உமய்யா (ரலி) அவர்கள் இதை உமர் (ரலி) அவர்களிடம் கேட்க, தமக்கும் அதே ஐயம் எழுந்ததாகவும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்டதாகவும், இது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அவனுடைய தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்ததாகவும் உமர் (ரலி) அவர்கள் தெரிவித்தார்கள். இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது.

தர்மத்தைப் பெறுவதற்கும் தகுதி வேண்டும். யார் முஸாஃபிர், எவ்வளவு தூரம் போனால் முஸாஃபிர் என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. இக்காலத்தில் இதனோடு ஒரு புதுக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. கைபேசியில் இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால் போதும். சாலைத் தூரம், ஆகாயத் தூரம், விமானத்தில் போனால் எத்தனை நிமிடம் என்றெல்லாம் கணக்குகள் வந்து நிற்கின்றன. விமான நிலையமே இல்லாத ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும்கூட இக்கணக்குக் கிடைக்கிறது. நேர்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர். சாலை வழியே சுமார் 12 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு இத்தூரம் ஒரு நிமிடம்கூட ஆகாது!

இது வேடிக்கைக் கணக்காகத் தோன்றலாம். ஆனால் இதே கணக்கை மதுரைக்கோ சென்னைக்கோ போட்டுப் பார்த்துத் தொழுகையின் ரக்அத்துகளை முடிவு செய்யப் புகுந்தால் விஷயம் வேடிக்கையாக இராது. நான்கு தொழ வேண்டியவர் இரண்டு தொழுதால் அவருடைய பர்ளு நிறைவேறவில்லை. திரும்பத் தொழ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் பிரயாணி கஸ்ரு செய்வது வாஜிபாதலால், இரண்டு தொழ வேண்டியவர் வேண்டுமென்றே நான்கு தொழுவதும் குற்றமாகும். இரண்டாவது ரக்அத்தில் அமராமல் எழுந்து நான்காக்கிவிட்டால் அந்தப் பர்ளே கூடாமல் போகும். ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ரு அனுமதிக்கப்பட்ட சலுகை. முழுமையாகத் தொழுதாலும் கூடும். நம் பகுதியில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

துல்ஹுலைஃபா கற்பிக்கும் பாடம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவுக்குப் புறப்பட்ட நாளில் மதீனாவில் லுஹரை நான்கு ரக்அத்தாகவும், துல்ஹுலைஃபா சேர்ந்ததும் அஸரை இரண்டு ரக்அத்தாகவும் தொழுதார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது.

துல்ஹுலைஃபா என்பது மதீனாவாசிகள் இஹ்ராம் கட்டும் இடம். இன்று ‘அப்யார் அலீ’ என்று அழைக்கப்படுகிறது. மஸ்ஜிதுந் நபவியிலிருந்து அது சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதாவது ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே!

அப்படியானால் ராஜபாளையத்துக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கப் போனாலும் கஸ்ரு செய்யலாமா? கூடாது. நபி (ஸல்) அவர்களின் பிரயாணம் துல்ஹுலைஃபாவோடு முடியவில்லை. அவர்கள் நாடிப் புறப்பட்டது நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மக்காவை. ஊரை விட்டு வெளியேறியதுமே பிரயாணிக்குரிய சட்டம் தொடங்கிவிட்டது; துல்ஹுலைஃபா வழியில் வந்த முதல் தங்குமிடம், அவ்வளவே. இமாம்கள் இந்த ஹதீஸுக்குத் தரும் விளக்கம் இதுதான்.

இதிலிருந்து இரண்டு விதிகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒன்று: நிய்யத் செய்து புறப்பட்ட கடைசி இடம் எவ்வளவு தூரம் என்பதே கணக்கு, இப்போது நிற்கும் இடம் எவ்வளவு தூரம் என்பதன்று. இரண்டு: வீட்டு வாசலில் கஸ்ரு தொடங்குவதில்லை; ஊரின் கடைசி வீடுகளைக் கடந்த பிறகே தொடங்கும்.

ஆகவே ராஜபாளையத்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி லுஹர் தொழுதால், தனியே தொழும்போது இரண்டு ரக்அத் தொழுவார். அதே பள்ளிவாசலில், அதே நேரத்தில், சந்தைக்கு வந்த இன்னொரு ராஜபாளையத்துக்காரர் நான்கு ரக்அத் தொழுவார். இருவரும் வந்த தூரம் ஒன்றே, நிய்யத் வேறு.

எவ்வளவு தூரம்?

ஹனஃபீ மத்ஹபின் மூல அளவு, ஒட்டக நடையிலோ கால்நடையாகவோ நடுத்தரமாகச் செல்லும் மூன்று நாள் பிரயாணம். இதை நம் நாட்டு ஹனஃபீ உலமாக்களில் பலர் 48 மைல் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். இன்றைய கணக்கில் இது 77 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 16 ஃபர்ஸக் தூரம். பழைய மைல் அளவை மாற்றிக் கணக்கிடுவதில் கருத்து வேறுபாடுகள் இருப்பினும், சுமார் 82 கிலோமீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவரவர் மஹல்லாவின் ஆலிம்கள் எந்த அளவைச் சொல்கிறார்களோ அதையே கைக்கொள்வது நலம்.

இந்த அளவு போகும் தூரத்துக்கு மட்டுமே. போக 45, வர 45, ஆக 90 என்று கூட்டிக்கொள்வது கூடாது.

நேர்கோடா, நாம் செல்லும் பாதையா?

மதுரை விமான நிலையம் நகருக்குத் தெற்கே பெருங்குடிப் பகுதியில் உள்ளது. ராஜபாளையத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் அது சுமார் 73 கிலோமீட்டர். சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், தே. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாகச் சென்றால் 80 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒன்று 77க்குக் கீழே, மற்றொன்று மேலே. எதைக் கணக்கில் கொள்வது?

ஃபிக்ஹு நூல்கள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன. நாம் எந்தப் பாதையில் செல்கிறோமோ அந்தப் பாதையின் தூரமே கணக்கு. ஓர் ஊருக்கு இரண்டு வழிகள் இருந்து, ஒன்று பிரயாண அளவை எட்டுவதாகவும் மற்றது எட்டாததாகவும் இருந்தால், நீண்ட வழியில் சென்றவர் கஸ்ரு செய்வார். குறுகிய வழியில் சென்றவர் முழுமையாகத் தொழுவார் என்பது ஹனஃபீ மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபிலோ ஒரு நிபந்தனை உண்டு. பாதை நல்லது, பாதுகாப்பானது, வசதியானது, வழியில் ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பன போன்ற காரணத்துக்காக நீண்ட வழியை மேற்கொண்டால் கஸ்ரு செய்யலாம். கஸ்ரு செய்யவேண்டும் என்பதற்காகவே சுற்றிச் சென்றால் செய்யக்கூடாது.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் பஸ் மார்க்கம் சுமார் 75 கிலோமீட்டர். ரயில் மார்க்கமோ சிவகாசி, விருதுநகர் என்று சுற்றிச் செல்வதால் 80 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே மதுரையோடு திரும்பிவிடும் ஒரு ஹனஃபீ பஸ்ஸில் போனால் முகீமாகவும், ரயிலில் போனால் முஸாஃபிராகவும் ஆவார். கைபேசி காட்டும் நேர்கோடு இவ்விருவருக்குமே பயன்படாது. அந்தக் கோட்டின் மீது யாரும் நடப்பதில்லை, வண்டியும் ஓடுவதில்லை.

விமானத்தில் செல்வோருக்கு ஆகாயமே பாதை என்பதால் அவருக்கு மட்டும் ஆகாயத் தூரம் கணக்கில் வரும். மதுரையிலிருந்து சென்னைக்கு அது சுமார் 420 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஜித்தாவுக்குச் சுமார் 4,450 கிலோமீட்டர். இவை எல்லையை எவ்வளவோ தாண்டிய தூரங்களாதலால் இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை.

சந்தேகம் வருவது எல்லையை ஒட்டிய பிரயாணங்களில்தான். மைல்கல்லில் காணும் தொகை பெரும்பாலும் ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு. நம் கணக்கோ ஊர் எல்லையைக் கடந்த பிறகு தொடங்குவது. ஆகவே 80 என்று எண்ணியிருந்தது 77க்குள் அடங்கிவிடவும் கூடும். இத்தகைய இடத்தில் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டும். தெளிவு கிடைக்கும்வரை முழுமையாகத் தொழ வேண்டும். ஏனெனில் நான்கு என்பது உறுதியான அடிப்படை. சலுகைக்குரிய தூரம் உறுதியாகாதவரை அடிப்படை மாறாது.

நேரம் குறைந்தால் சலுகை குறையுமா?

“அக்காலத்தில் மூன்று நாள் நடந்தார்கள், களைத்தார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தானே? குளிர்ந்த காற்றில் அமர்ந்து செல்பவருக்குக் கஸ்ரு எதற்கு?” என்று கேட்போர் உண்டு.

சிரமம் இச்சலுகையின் ஹிக்மத்துகளில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் சட்டம் சிரமத்தின் மீது கட்டப்படவில்லை. பிரயாணத்தின் மீது கட்டப்பட்டுள்ளது. சிரமம் ஆளுக்கு ஆள் வேறுபடும், அளக்க முடியாது. தூரம் எல்லோருக்கும் ஒன்று, அளக்க முடியும். வயலில் நாள் முழுதும் உழைப்பவர் பிரயாணியைவிடக் களைத்திருந்தாலும் அவருக்குக் கஸ்ரு இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676இல், அதாவது கி.பி. 1277இல் வஃபாத்தானவர்கள். அவர்கள் தம் ‘மின்ஹாஜ்’ நூலில் கடல் பிரயாணமும் தரைப் பிரயாணம் போன்றதே என்று கூறி, அத்தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டாலும் கஸ்ரு செய்யலாம் என்ற கருத்தை எழுதிவைத்தார்கள். மனிதன் விமானத்தில் பறந்தது 1903இல். அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் முன்பே இக்கேள்விக்கு விடை எழுதப்பட்டுவிட்டது! மூன்று நாள் தூரத்தை விரைவான வாகனத்தில் குறைந்த நேரத்தில் கடந்தாலும் கஸ்ரு உண்டு என்பதே ஹனஃபீ இமாம்களின் சட்டமும் ஆகும்.

இதன் மறுபக்கத்தையும் மறக்கக்கூடாது. நேரம் குறைவதால் சலுகை குறையாதது போலவே, நேரம் கூடுவதால் சலுகை கிடைப்பதும் இல்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒருவர் கால்நடையாகவே மூன்று மணி நேரம் நடந்து வந்தாலும், வழியில் வண்டி பழுதாகி அரை நாள் கழிந்தாலும் அவர் முகீமே.

ஒரே வண்டியில் இரு சட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெரியவர் ஒருவர் உம்ராவுக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதுரை விமான நிலையம் வரை பிள்ளைகளும் பேரர்களும் வண்டியில் உடன் செல்கிறார்கள். பாதை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வழியில் திருமங்கலத்தில் அஸர் தொழ இறங்குகிறார்கள்.

பெரியவர் முஸாஃபிர், அவருடைய நிய்யத் மக்கா. வழியனுப்ப வந்தவர்கள் முகீம்கள். அவர்களுடைய நிய்யத் விமான நிலையம் மட்டுமே. பெரியவர் இமாமாக நின்றால் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுப்பார். மற்றவர்கள் ஸலாம் கொடுக்காமல் எழுந்து மீதி இரண்டையும் முடிக்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் இமாமாக நின்றால், பின்னால் நிற்கும் பெரியவரும் நான்கே தொழ வேண்டும். முகீமான இமாமைப் பின்பற்றும் முஸாஃபிர் முழுமையாகத் தொழுவார் என்பது இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். பள்ளிவாசல் ஜமாஅத்தில் சேர்ந்தாலும் இப்படியே. இமாமாக நிற்கும் முஸாஃபிர் தாம் பிரயாணி என்பதைத் தொழுகைக்கு முன்பே அறிவித்துவிடுவது நல்லது, குழப்பம் வராது.

தாய் வீடும் கணவர் வீடும்

பெண்மக்களுக்கு அடிக்கடி நேரும் மஸ்அலா இது. ராஜபாளையத்துப் பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தாய் வீட்டுக்கு வந்து போகிறாள். 12 கிலோமீட்டர் தூரமே ஆனதால் ஒருநாள் தங்கினாலும் ஒருமாதம் தங்கினாலும் கஸ்ரு என்ற பேச்சே இல்லை.

அதே பெண் சென்னையில் வாழ்க்கைப்பட்டு, கணவர் ஊரிலேயே நிலையாகக் குடியேறிவிட்டால் சட்டம் மாறும். ஹனஃபீ மத்ஹபில் தாய் வீடு அப்போது அவளுக்குச் சொந்த ஊர் என்ற நிலையில் இராது. 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணத்தில் வந்தால் அங்கே அவள் கஸ்ரு செய்வாள். 15 நாட்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத் செய்தால் முழுமையாகத் தொழுவாள். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாட்கள் தங்க நிய்யத் செய்தாலே முழுமையாகத் தொழ வேண்டும். “பிறந்த வீடாயிற்றே” என்ற பாசம் சரியானதே. ஆனால் ரக்அத்தை நிர்ணயிப்பது பாசமன்று.

பிழைப்புக்காகச் சென்னையில் இருக்கும் மகன், ராஜபாளையத்தைத் தன் சொந்த ஊராகவே வைத்துக்கொண்டிருந்தால் ஊருக்குள் நுழைந்ததுமே முகீமாகிவிடுவான். ஒரே நாள் தங்கினாலும் நான்குதான். ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடக்கும்வரை அவன் முஸாஃபிர். ராஜபாளையத்தின் முதல் வீடுகளை அடைந்ததும் கஸ்ரு முடிந்தது.

பிரயாணத்தில் தவறிய தொழுகையை ஊரில் களா செய்யும்போது ஹனஃபீகள் இரண்டாகவே களா செய்ய வேண்டும். ஷாஃபிஈகள் நான்காகத் தொழ வேண்டும். ஊரில் தவறியதைப் பிரயாணத்தில் களா செய்தால் இருவருக்கும் நான்கே.

விமான நேரம் எதற்குப் பயன்படும்?

ரக்அத்தின் எண்ணிக்கைக்கு விமான நேரம் பயன்படாது என்றோம். ஆனால் தொழுகையின் வக்தைத் திட்டமிட அது மிகவும் பயன்படும். மதுரையிலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஒன்றேகால் மணி நேரத்தில் தொழுகை தவறிவிடத் தேவையே இல்லை. ஏறுமுன்னரோ இறங்கிய பின்னரோ வக்து பெரும்பாலும் கிடைத்துவிடும். மஃரிப் நேரத்தில் மட்டும் முன்கூட்டியே எச்சரிக்கை வேண்டும்.

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் ஆகும். இடையில் ஒரு வக்து முழுவதும் கடந்துவிடலாம். அப்போது இயன்றவரை நின்று, கிப்லாவை முன்னோக்கி, விமானத்திலேயே தொழ வேண்டும். நிற்கவோ கிப்லாவை நோக்கவோ இயலாவிட்டால் இயன்றபடி தொழுதுவிட்டு, இறங்கியபின் திரும்பத் தொழுதுகொள்ள வேண்டும். ஷாஃபிஈகள் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஜம்உ செய்துகொள்ளலாம். ஹனஃபீ மத்ஹபில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர ஜம்உ இல்லை.

நோன்பாளி இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜித்தாவின் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. மாலை 4 மணிக்குச் சென்னையில் ஏறியவர், ஊரில் மஃரிப் பாங்கு சொல்லும் நேரமாயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறந்தால் ஜன்னலுக்கு வெளியே சூரியன் காய்ந்துகொண்டிருக்கும்! விமானம் சூரியனைப் பின்தொடர்ந்து மேற்கே செல்வதாலும், உயரத்தில் சூரியன் தரையைவிடப் பல நிமிடங்கள் தாமதமாகவே மறைவதாலும், தாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைவதைப் பார்த்தே நோன்பு திறக்க வேண்டும். சுபுஹு வேளையில் ஊரிலிருந்து நோன்பு வைத்துவிட்டு அதன்பின் பிரயாணம் புறப்பட்டவர், பிரயாணத்தைக் காரணமாக்கி அன்றைய நோன்பை விட்டுவிடவும் கூடாது.

சகோதரர்களே! சகோதரிகளே! பிரயாணம் புறப்படுமுன் டிக்கெட்டையும் துணிமணியையும் சரிபார்க்கிறோம். அப்போதே நான்கு கேள்விகளையும் நம்மிடம் கேட்டுக்கொள்வோம்: நான் நிய்யத் செய்த கடைசி இடம் எது? நான் செல்லும் பாதையில் அது எத்தனை கிலோமீட்டர்? என் ஊர் எல்லை எங்கே முடிகிறது? அங்கே எத்தனை நாள் தங்கப் போகிறேன்? இந்நான்குக்கும் விடை தெரிந்தால் ரக்அத்தில் தடுமாற்றம் வராது. நேர்கோட்டுத் தூரமும் வேகமும் இவற்றில் எதற்கும் விடையாகா.

வல்ல நாயன் நம் பிரயாணங்களை இலேசாக்கி, அவன் தந்த சலுகையை அதற்குரிய இடத்தில் பேணி, தொழுகையை ஊரிலும் வழியிலும் விடாது நிறைவேற்ற நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.